மொரிஸ் மைனர்: அசலுக்குத் திருப்புவதா, அப்படியே விடுவதா?

அப்பா விட்டுச்சென்ற 1958 மொரிஸ் மைனர் காரில் இப்போது ஓடுவது ஜப்பானிய இயந்திரம். அதை மாற்றுவதா என்று ஹட்டனில் எங்கள் வீட்டில் நாள்தோறும் பேச்சு.

அப்படியே விட்டால் வசதிதான். றம்பொடை ஏற்றத்தில் வண்டிக்கு மூச்சு வாங்காது. உதிரிப்பாகமும் எளிதில் கிடைக்கும்.

அசலில் இருந்ததோ 948 சிசி இயந்திரம், 37 குதிரைவலு. முதல் கியருக்கு சின்க்ரோமெஷ் (கியர் உரசாமல் விழ உதவும் அமைப்பு) கிடையாது; கொண்டையூசி வளைவில் அதைப் போடக் கைப்பழக்கம் வேண்டும். நான்கு சக்கரங்களிலும் டிரம் பிரேக். நீண்ட இறக்கத்தில் அது சூடேறினால் பிடி தளரும். கீழ்க் கியரிலேயே இறங்க வேண்டும்.

ஆனாலும் நான் அசலின் பக்கம். கதவுத் தூணிலிருந்து சிறு கைபோல நீண்டு ஒளிர்ந்து, வண்டி திரும்பும் பக்கத்தைக் காட்டும் கருவி 1961 வரை இந்த வண்டிகளின் அடையாளம். எங்கள் வண்டியில் அந்தத் துவாரத்தைத் தகடு வைத்து அடைத்து வர்ணம் பூசிவிட்டார்கள். விரலால் தடவினால் விளிம்பு இன்னும் தட்டுப்படுகிறது. அதைத் திறக்காமல் எனக்கு நிம்மதியில்லை.

செலவில் பெரும்பங்கு இயந்திரத்துக்கு அல்ல, அடிப்பாகத்துக்குத்தான். ஜப்பானிய இயந்திரத்தின் கியர்பெட்டிக்கு இடம்விட, குறுக்குச் சட்டத்தை வெட்டியிருந்தார்கள். முதலில் அதை உறுதியாகப் பற்றவைத்து ஒட்டவேண்டும். பூட்டும் இயந்திரத்தின் இலக்கம் பதிவுப் புத்தகத்தில் உள்ளதோடு பொருந்துகிறதா என்றும் பார்த்துக்கொள்ள வேண்டும்.

முன்சக்கரங்களுக்குப் பின்னாளில் பூட்டிய டிஸ்க் பிரேக்கை மட்டும் கழற்ற மாட்டேன். பிள்ளைகள் ஏறும் வண்டி அது.