ஆர்15 வி3 கிளட்ச்: லீவர் மெத்தென்று இருப்பதை நம்பாதீர்கள்

யமஹா ஆர்15 வி3 பைக்குக்கு கிளட்ச் பிளேட் மட்டும் மாற்ற எவ்வளவு ஆகும் என்று கேட்கும் நண்பருக்கு ஒரே பதில்: பிளேட் மட்டும் மாற்றுவதாக இருந்தால் மாற்றவே வேண்டாம்.

இந்தியாவில் 2018-இல் வந்த வி3-யில்தான் ஆர்15-க்கு அசிஸ்ட் அண்ட் ஸ்லிப்பர் கிளட்ச் கிடைத்தது: இன்ஜின் இழுக்கும்போது பிளேட்களை இறுக்கிப் பிடிக்கும், கியரை இறக்கும்போது கொஞ்சம் வழுக்க விடும். அதன் அருமை மலைப்பாதையில் தெரியும். கொல்லிமலையின் 70 கொண்டை ஊசி வளைவுகளிலும் கியரைத் தட்டித் தட்டி இறக்கினாலும் பின்சக்கரம் துள்ளாது. லீவரை இரண்டு விரலால் பிடிக்கலாம்.

எரிச்சலும் அந்த லீவரிலிருந்துதான் வருகிறது. இன்ஜின் இழுக்கும்போது உள்ளே இருக்கும் கேம் சரிவுகள் பிளேட்களைச் சேர்த்து அழுத்துகின்றன. அதனால் ஸ்பிரிங் மென்மையாக இருந்தாலே போதும். ஆனால் பிளேட் தேய்ந்து பிடிப்பு குறைந்தால் கடத்தும் விசை குறையும், விசை குறைந்தால் கேம் தரும் அழுத்தமும் குறையும். ஒன்று இன்னொன்றை இழுத்துக்கொண்டு போகும். நேற்று வரை ஒழுங்காக ஓடிய வண்டி இன்று ஓவர்டேக்கில் உறுமும், வேகம் ஏறாது. லீவரைப் பிடித்த கைக்கு எந்த வித்தியாசமும் தெரியாது.

கவரைத் திறக்குமுன் லீவர் நுனியில் 10 முதல் 15 மி.மீ. பிளே (கேபிள் இழுபடும் முன் லீவர் சும்மா அசையும் தூரம்) இருக்கிறதா என்று பாருங்கள். கேபிள் இறுகியிருந்தாலும் பிளேட் பிடிக்காமல் வழுக்கும். பிளே சரி என்றால், காலிச் சாலையில் ஐந்தாம் கியரில் 45 கி.மீ. வேகத்தில் ஆக்சிலரேட்டரை முழுதாகத் திருகுங்கள். ஆர்.பி.எம். முள் தனியாகத் தாவினால் பிளேட் போய்விட்டது.

பிரித்ததும் தடிமன் அளக்க வெர்னியரை எடுங்கள். புதிய ஃபிரிக்‌ஷன் பிளேட் (உராய்வுப் பட்டை ஒட்டியது) 3 மி.மீ. அளவில் இருக்கும், 2.8-க்குக் கீழே போனது உதவாது. ஸ்டீல் பிளேட்டைத் தடித்த கண்ணாடி மேல் வைத்து, 0.2 மி.மீ. ஃபீலர் இலை (இடைவெளி பார்க்கும் மெல்லிய தகடு) அடியில் நுழைகிறதா என்று பாருங்கள்; நுழைந்தால் பிளேட் வளைந்துவிட்டது. நீலம் பாரித்திருந்தால் சூடு கண்ட பிளேட், யோசிக்காமல் தூக்கிப் போடுங்கள். பழைய ஸ்பிரிங்கைப் புதியதோடு நிற்க வைத்தால் குட்டையானது கண்ணுக்கே தெரியும். இந்த ஸ்பிரிங்கைத்தான் பலர் மாற்றாமல் விடுகிறார்கள். புது பிளேட்டோடு தளர்ந்த ஸ்பிரிங் சேர்ந்தால் சீக்கிரமே பழைய கதைதான்.

பிளேட்களைச் சுற்றியிருக்கும் ஹவுசிங்கின் விரல் போன்ற நீட்சிகளின் ஓரத்தை நகத்தால் வருடுங்கள். பிளேட்டின் காது அடித்து அடித்துப் பள்ளம் விழுந்திருந்தால் நகம் தடுக்கும். கிளட்ச் விடும்போது வரும் குதிப்புக்கு அதுதான் காரணம். லேசான பள்ளத்தை அரத்தால் சமன் செய்யலாம். ஆழமானால் ஹவுசிங்கையே மாற்ற வேண்டும், செலவும் கூடும்.

புது ஃபிரிக்‌ஷன் பிளேட்களை முந்தின இரவே இன்ஜின் ஆயிலில் ஊறப் போடுங்கள். காய்ந்த பிளேட்டைப் போட்டு ஓட்டினால் முதல் சில நிமிடங்களிலேயே கருகும். கழற்றும்போது வரிசையைப் போட்டோ எடுத்திருந்தால் மாட்டும்போது தலைவலி இல்லை. அதிகம் தவறுவது ஓர் இடத்தில்: பிரஷர் பிளேட்டின் கேம் அதன் பள்ளத்தில் உட்காமலேயே போல்ட்டை இறுக்குவது. பிளேட்களுக்கு நடுவே ஆட்டம் இருந்தால் உட்காரவில்லை, திரும்பக் கழற்றுங்கள். ஸ்பிரிங் போல்ட்டை எதிரெதிராக, இரண்டு மூன்று சுற்றில் இறுக்குங்கள். சிறிய போல்ட், இறங்கும் இடம் அலுமினியம். மேனுவலில் உள்ள டார்க்கை, அதாவது இறுக்கும் விசையின் அளவைத் தாண்டி ஒரு சுண்டு சுண்டினால் மரை போய்விடும்.

கவர் பேக்கிங் புதிது, ஆயில் புதிது. டப்பாவில் ஜேசோ எம்ஏ அல்லது எம்ஏ2 (ஆயிலில் ஊறும் பைக் கிளட்ச்சுக்கு ஏற்றது என்று சொல்லும் ஜப்பான் தரக்குறி) என்று இருக்க வேண்டும். உராய்வைக் குறைக்கும் மருந்து கலந்த கார் ஆயில் இந்தக் கிளட்ச்சுக்கு விஷம்.

வேலை முடிந்து, அந்த இரண்டு விரல் லீவரோடு மலை இறங்குவது தனிச் சுகம். ஆனாலும் தினமும் ஆபீஸ் போய் வர வண்டி தேடுபவர் கேட்டால், சாதா கிளட்ச் உள்ளதையே கை காட்டுவேன். அது கையை வலிக்க வைக்கும், ஆனால் தேய்வதைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சொல்லிக்கொண்டே தேயும்.