மூன்று மினி பிசியில் கே3எஸ்: கரண்டு போனால் தாங்குமா?

தன்னைத் தானே பார்த்துக்கொள்ளும் கம்ப்யூட்டர் என்ற பேச்சை 2001-இல் ஐபிஎம் கிளப்பிவிட்டது. கண்காணி, ஆராய், திட்டமிடு, செய் என்று ஓயாமல் சுற்றும் ஒரு சுழற்சி. இன்று அதைக் காசில்லாமல் கையில் தருவது குபர்நெட்டிஸ்: பல கம்ப்யூட்டர்களில் புரோகிராம்களை ஓட்டி, கண்காணிக்கும் மென்பொருள். அதன் சின்ன வடிவம் கே3எஸ். மார்த்தாண்டத்திலோ தக்கலையிலோ தலைமைக் கடை, சுற்றிலும் நாலைந்து கிளை என்று இருப்பவர்களின் பில்லிங் மென்பொருளுக்கு இது சரிப்படுமா என்று பார்த்தோம்.

நிறுவுவது எளிது. 100 எம்பிக்கும் குறைவான ஒரே கோப்பு. டிராஃபிக் (Traefik, வெளியிலிருந்து வரும் கோரிக்கையை உரிய புரோகிராமுக்கு அனுப்புவது), மெட்ரிக்ஸ் சர்வர் (சிபியு, மெமரி அளவைக் காட்டுவது) எல்லாம் கூடவே வந்துவிடும். 8 ஜிபி ராம் உள்ள மினி பிசி மூன்று தாராளம். ராஸ்பெர்ரி பை 4 என்றால் மெமரி சிகுரூப்பை (மெமரிக்கு வரம்பு வைக்கும் லினக்ஸ் வசதி) பூட் கோப்பில் கையால் ஆன் செய்ய வேண்டும். எஸ்டி கார்டு வேண்டவே வேண்டாம், எட்சிடி (மூன்று பெட்டியின் நிலையையும் குறித்து வைக்கும் சேமிப்பு) ஓயாமல் எழுதும், எஸ்எஸ்டி போடுங்கள்.

புரோகிராம் விழுந்தால் உடனே தூக்கி நிறுத்துகிறது. திரும்பத் திரும்ப விழுந்தால் 10, 20, 40 விநாடி என்று இடைவெளியைக் கூட்டி 5 நிமிடம் வரை போகும். இதில் குறையே இல்லை.

மெஷினே போனால்தான் சிக்கல். நம் கன்னியாகுமரி மாவட்டத்தில் ஆண்டுக்கு இரண்டு மழைக்காலம், இடி இடித்தாலே கரண்டு போகும். ஒரு நோடு (கூட்டத்தில் உள்ள ஒரு பெட்டி) அணைந்தால் அது செத்துவிட்டது என்று முடிவெடுக்கவே முக்கால் நிமிடம் ஆகும். அதன்பின் பாட்-ஐ (புரோகிராம் ஓடும் பொட்டலம்) வேறு நோடுக்கு மாற்ற இன்னும் 300 விநாடி காத்திருக்கும். ஆக, கவுண்டரில் கிட்டத்தட்ட ஆறு நிமிட வரிசை. இந்தக் காத்திருப்பைச் சொல்லும் டாலரேஷன் மதிப்பை 30 விநாடிக்குக் குறையுங்கள். மூன்றையும் ஒரே யுபிஎஸ்ஸில் சொருகாதீர்கள்: எட்சிடிக்கு மூன்றில் இரண்டு உயிரோடு இருந்தாக வேண்டும். இரண்டு போனால், மிஞ்சிய நோடில் ஓடுவது ஓடும். புதிதாக எதையும் மாற்ற முடியாது.

புரோகிராம் உயிரோடு இருக்கிறதா என்று பார்க்கும் லைவ்னெஸ் சோதனையில்தான் பலரும் சூடு போட்டுக்கொள்கிறார்கள். சோதனை முகவரி டேட்டாபேஸையும் தொட்டுப் பார்க்கும்படி எழுதியிருப்பார்கள். சாயங்கால நெரிசலில் டேட்டாபேஸ் 1 விநாடிக்கு மேல் தாமதித்தால் அது தோல்விக் கணக்கு. 10 விநாடிக்கு ஒரு முறை, மூன்று தோல்வி வந்தால் பாடுக்கு ரீஸ்டார்ட். எல்லாப் பாடும் ஒன்றாக விழுந்து எழுந்து, ஏற்கெனவே திணறும் டேட்டாபேஸின் கழுத்தையே பிடிக்கும். லைவ்னெஸ் தன் புரோகிராமை மட்டும் பார்க்கட்டும். டேட்டாபேஸ் விசாரணை ரெடினெஸ்ஸோடு நிற்கட்டும்: அது தோற்றால் ரீஸ்டார்ட் இல்லை, அந்தப் பாடுக்குக் கோரிக்கை போகாது, அவ்வளவுதான்.

நெரிசலுக்கு ஏற்ப பாடுகளின் எண்ணிக்கையைக் கூட்டும் ஆட்டோஸ்கேலர் இங்கே ஒப்புக்குத்தான். சிபியு ரிக்வெஸ்ட் (பாடுக்கு எவ்வளவு சிபியு வேண்டும் என்ற குறிப்பு) எழுதாவிட்டால் அளவே காட்டாது. எழுதினாலும் மூன்று பெட்டிக்கு மேல் எங்கே போய் விரிவது?

லோக்கல் பாத் ஸ்டோரேஜில் (ஒரு நோடின் சொந்த டிஸ்க்) டேட்டாபேஸை வைத்தால் அந்த நோடோடு அதுவும் கிடையாய்க் கிடக்கும், பாட் பெண்டிங்கிலேயே (தொடங்காமல் காத்திருக்கும் நிலை) நிற்கும். டேட்டாபேஸ் மென்பொருளான போஸ்ட்கிரெஸ்ஸைத் தனிப் பெட்டியில், ரெப்ளிகாவோடு (நகல்) வெளியே வையுங்கள்.

ஒற்றைக் கடை, ஒற்றைப் பெட்டி என்றால் கே3எஸ் வேண்டாம், லினக்ஸிலேயே இருக்கும், புரோகிராம்களைத் தொடங்கிப் பார்த்துக்கொள்ளும் சிஸ்டம்டி போதும். அதிலும் ஒரு கண்ணி: 10 விநாடிக்குள் 5 முறை விழுந்தால் கைவிட்டுவிடும். ரீஸ்டார்ட் இடைவெளியை 5 விநாடி ஆக்கினால் விடாமல் முயலும்.