தலைக்காயத்துக்குப் பிறகு: தனித்தனி தெரபியா, ஒரே குழுவா, வீடும் போனுமா?

தலையில் பலமாக அடிபட்டவர் ஐசியூவிலிருந்து வந்து நடக்கவும் பேசவும் ஆரம்பித்துவிட்டால், கண்டம் தாண்டியாச்சு என்று வீடு நிம்மதி ஆகிவிடும். மிச்சம் இருப்பது அப்புறம்தான் தெரியவரும். எடுத்த வேலை பாதியில் நிற்கும், சின்ன விஷயத்துக்கெல்லாம் கோபம் வரும், கேட்டால் "எனக்கு ஒண்ணுமில்லை, நல்லாத்தான் இருக்கேன்" என்பார். அவர் பொய் சொல்லவில்லை. தன் குறையைத் தானே பார்க்கிற திறனையும் அந்தக் காயம் பறித்திருக்கலாம். மறுவாழ்வு சிகிச்சையில் எந்த வழி நல்லது என்று ஒப்பிடும்போது நான் முதலில் பார்ப்பது, இந்த இடத்தை அது தொடுகிறதா என்பதைத்தான்.

பெரும்பாலான இடங்களில் கிடைப்பது தனித்தனி தெரபி. காலையில் பிசியோ, அப்புறம் ஆக்குபேஷனல் தெரபி (அன்றாட வேலைகளைத் தானே செய்யப் பழக்குவது), ஸ்பீச் தெரபி, வாரம் ஒருமுறை உளவியலாளர் என்று ஒவ்வொருவரும் தன் பங்கை ஒழுங்காகச் செய்வார்கள். கை பலவீனமாக இருக்கிறது, விழுங்க முடியவில்லை என்ற மாதிரி தெளிவான உடல் பிரச்சினைக்கு இதில் குறை சொல்ல ஒன்றுமில்லை.

இரண்டாவது, முழுமையான மறுவாழ்வுத் திட்டம். 1973 அரபு-இஸ்ரேல் போரில் தலையில் காயம்பட்ட இஸ்ரேல் வீரர்களுக்காக உளவியலாளர் யெஹுதா பென்-யிஷாய் தொடங்கிய முறை இது. நியூயார்க்கில் அவரே அதை வளர்த்தார், ஓக்லஹோமாவில் ஜார்ஜ் பிரிகட்டானோ, கோபன்ஹேகனில் ஆன்-லிஸ் கிறிஸ்டென்சன், 1996இல் இங்கிலாந்தின் ஈலி நகரில் பார்பரா வில்சன் என்று ஒவ்வொருவரும் தங்கள் பாணியில் எடுத்துச் சென்றார்கள். ஒரு சிறு குழு நோயாளிகள் பல வாரம் ஒன்றாகவே இருப்பார்கள். கவனம், நினைவு, கோபம், குடும்பம், வேலை எல்லாவற்றையும் ஒரே தெரபிஸ்ட் குழு ஒரே இலக்கோடு பார்க்கும். பென்-யிஷாயின் திட்டத்தில் ஒருவர் நடுவில் உட்கார்ந்து தன் பிரச்சினையை எல்லோர் முன்னாலும் பேச வேண்டும், சக நோயாளிகளே பதில் சொல்வார்கள். டாக்டர் சொன்னால் மறுக்கிறவர்கூட, அதே அடி வாங்கிய இன்னொருவர் "எனக்கும் இப்படித்தான் மறந்துபோகும்" என்றால் கொஞ்சம் நின்று கேட்பார்.

சரி, ஆய்வு என்ன சொல்கிறது? நியூ ஜெர்சியில் கீத் சிசரோன் குழு 68 பேரை இந்த இரண்டு முறைகளுக்கும் குலுக்கல் முறையில் பிரித்துச் சேர்த்து, 2008இல் முடிவை வெளியிட்டது. இரண்டு பக்கமும் வாரம் 15 மணி நேரம், 16 வாரம். நேரம் சமமாக இருந்ததால், கூடுதல் சிகிச்சை கிடைத்ததால்தான் முன்னேறினார்கள் என்று இங்கே தள்ளிவிட முடியாது. நினைவாற்றல், கவனம் போன்ற சோதனைகளில் இரண்டு குழுவும் ஒரே அளவில்தான் முன்னேறின. ஆனால் வெளியே போய் நாலு பேரோடு பழகுவது, வீட்டுப் பொறுப்பு ஏற்பது, வாழ்க்கையில் திருப்தி, தன்னால் முடியும் என்ற நம்பிக்கை இவற்றில் முழுமையான திட்டம் முந்தியது. குடும்பங்கள் ஏங்குவது இதற்குத்தான், சோதனையில் இரண்டு மார்க் கூடுவதற்கு இல்லை. 68 பேர் சிறிய எண்ணிக்கைதான், இருந்தாலும் ஒப்பீடு நேர்மையானது.

மூன்றாவது வழி, வீட்டிலேயே இருந்துகொண்டு போனில் வழிகாட்டுதல் பெறுவது. அதை இளக்காரமாகப் பார்க்க வேண்டாம். அமெரிக்காவின் வால்டர் ரீட் ராணுவ மருத்துவமனையில் தலைக்காயம் பட்ட 120 வீரர்களில் ஒரு பகுதியினருக்கு எட்டு வாரம் மருத்துவமனையிலேயே தீவிரப் பயிற்சி கொடுத்தார்கள். மற்றவர்களை ஆலோசனை சொல்லி வீட்டுக்கு அனுப்பிவிட்டு, வாரம் ஒருமுறை ஒரு மனநல நர்ஸ் போனில் பேசினார். 2000இல் வெளியான முடிவின்படி ஒரு வருடம் கழித்து வேலைக்குத் திரும்பியவர்கள் மருத்துவமனைக் குழுவில் 90 சதவீதம், வீட்டுக் குழுவில் 94. கிட்டத்தட்ட ஒன்றுதான். ஆனால் அடிபட்டபோது ஒரு மணி நேரத்துக்கு மேல் மயக்கத்தில் இருந்தவர்களை மட்டும் பிரித்துப் பார்த்தபோது, ராணுவப் பணிக்குத் தகுதி பெற்றவர்கள் மருத்துவமனைக் குழுவில் 80 சதவீதம், வீட்டுக் குழுவில் 58. பிற்பாடு பிரித்துப் பார்த்த கணக்கு என்பதால் முடிந்த முடிவாக எடுக்கக் கூடாது, ஒதுக்கவும் முடியாது. இன்னொன்று, இவர்கள் இளைஞர்கள், திரும்பிப் போக ஒரு வேலையும் காத்திருந்தது. டெய்லராகவோ டிரைவராகவோ இருக்கிற நம் ஊர்க்காரருக்கு அந்த வசதி கிடையாது.

என் கருத்தைக் கேட்டால், காயம் லேசானது, தன் குறை தனக்கே தெரிகிறது என்றால் வீடும் போனும் தாராளமாகப் போதும். அடி பலம், ஆளும் ஒத்துக்கொள்ளவில்லை என்றால் முழுமையான திட்டத்தைத்தான் தேட வேண்டும், அது கிடைக்காத ஊரில் அதன் சாரத்தையாவது வீட்டுக்குக் கொண்டுவர வேண்டும். உதாரணமாக ரசம் வைக்கச் சொல்வதற்கு முன்னால், எவ்வளவு நேரம் ஆகும், எந்த இடத்தில் தவறும் என்று அவரையே ஒரு தாளில் எழுதச் சொல்லுங்கள். வைத்து முடித்ததும் நடந்ததை அதன் பக்கத்திலேயே அவர் எழுதட்டும். புளி கரைக்க மறந்துவிட்டார் என்றால் நீங்கள் சொல்லிக்காட்ட வேண்டியதில்லை, தாளே சொல்லிவிடும். திட்டாமல், விடாமல் இதைச் செய்துவந்தால் "ஒண்ணுமில்லை" என்ற பிடிவாதம் மெல்லத் தளர வாய்ப்பு உண்டு.

மருத்துவமனையைத் தேர்ந்தெடுக்கும்போது கருவிகளைப் பார்த்து மயங்காமல் இரண்டு கேள்வி கேளுங்கள். இந்த நோயாளியைப் பற்றிப் பேச எல்லா தெரபிஸ்டும் வாரம் ஒருமுறையாவது ஒன்றாக உட்காருகிறார்களா? அந்தப் பேச்சில் வீட்டு ஆட்களையும் சேர்த்துக்கொள்வார்களா?