தோற்றால் பழி யார் மேல்? ஒரு கையடக்க கன்சோலோடு சில வருஷம்

கையில் வைத்தே கேம் ஆடுகிற என் கன்சோல், இடது ஸ்டிக்கை (ஆளை நகர்த்தக் கட்டைவிரலால் சாய்க்கிற குச்சி) மாற்றி மறுபடி கைக்கு வந்திருக்கிறது. விரலை எடுத்த பிறகும் ஆள் தானாக நடக்கிற இந்தக் கோளாறுக்கு இது முதல் தடவை இல்லை, கடைசித் தடவையாக இருக்கும் என்ற நம்பிக்கையும் இல்லை. நேரம் பார்த்து ஒரு நண்பர், "நானும் ஒண்ணு வாங்கலாம்னு இருக்கேன், உங்களோடது எப்படிப் போகுது?" என்று கேட்டார். இரண்டு வார்த்தையில் சொல்லி முடிக்கிற விஷயம் இல்லை, அதனால்தான் இவ்வளவு நீளம். திரை எத்தனை அங்குலம், எத்தனை ஜிபி என்பதெல்லாம் பெட்டியிலேயே போட்டிருக்கிறது, அதை நான் வேறு சொல்ல வேண்டாம். எந்த கம்பெனி என்பதையும் விட்டுவிடுகிறேன்.

முதலில் பிடித்ததைச் சொல்லிவிடுகிறேன், கோபத்தில் மறந்துவிடும். பவர் பட்டன். ஆமாம், அந்தச் சின்ன பட்டன்தான். பெரிய எதிரியோடு மோதுகிற பாஸ் சண்டை நடுவில், எதிரி வாளை ஓங்கி நிற்கும்போது அதை அழுத்தினால் எல்லாம் அப்படியே நின்றுவிடும், மறுநாள் அழுத்தினால் வாள் அதே உயரத்தில் காத்திருக்கும். டிவியோடு மாட்டுகிற கன்சோல்களிலும் இந்த வசதி வந்தாயிற்று, இருந்தாலும் டிவியைப் போட்டு, இன்புட் மாற்றி, கண்ட்ரோலரில் சார்ஜ் இருக்கிறதா என்று பார்த்து, அப்டேட் ஒன்று இறங்கி முடிவதற்குள் ஆசையில் பாதி வடிந்துவிடுகிறது. கையடக்கத்தில் ஆசை வந்த அடுத்த நொடி ஆடிக்கொண்டிருப்போம். (ஆன்லைன் ஆட்டத்தில் இது பலிக்காது. தூங்க வைத்தால் இணைப்பு அறுந்து, கூட ஆடுகிறவர்களிடம் திட்டு வாங்க வேண்டியதுதான்.)

கையடக்கம் ஜெயிப்பது திரையின் அழகாலோ வேகத்தாலோ இல்லை என்பது 1989-லேயே தெரிந்துபோன விஷயம். அந்த வருஷம் வந்த நின்டெண்டோவின் கையடக்க கன்சோலான கேம் பாய்க்குக் கலரும் கிடையாது, திரைக்குப் பின்னால் வெளிச்சமும் கிடையாது. அடுத்த வருஷமே போட்டிக் கம்பெனியான செகா கலர் திரையோடு கேம் கியரை இறக்கியது, பார்க்க எவ்வளவோ மேல். ஆனால் ஆறு பேட்டரியைச் சில மணி நேரத்தில் காலி செய்துவிடும், கேம் பாய் நான்கு பேட்டரியை வைத்துக்கொண்டு அதைவிடப் பல மடங்கு நேரம் ஓடும். பின்னால் வந்த கலர் மாடலையும் சேர்த்து ஏறக்குறைய 11.8 கோடி கேம் பாய்கள் விற்றன. அமெரிக்காவில் பெட்டிக்குள்ளேயே, மேலிருந்து விழுகிற கட்டைகளை இடைவெளி இல்லாமல் அடுக்குகிற டெட்ரிஸ் கேமை வைத்துக் கொடுத்ததும் இதில் பெரிய பங்கு.

டெட்ரிஸை இந்த ஓட்டை ஸ்டிக்கோடு ஒப்பிட்டு யோசித்தபோதுதான் ஒரு விஷயம் எனக்கு விளங்கியது. அலெக்ஸி பஜித்னோவ் 1984-ல் மாஸ்கோவில் செய்த கேம் அது. சரியாக அடுக்கிய வரிசை உடனே மறைந்துவிடும், தப்பாக வைத்த கட்டை மட்டும் கண் முன்னாலேயே கிடந்து உறுத்தும். பழைய பதிப்புகளில் நீளக் கட்டை வராமலே இழுத்தடித்து ஆட்டம் முடிந்தால் விதியையாவது திட்டலாம். இப்போதைய பதிப்புகளில் அதற்கும் வழியில்லை. ஏழு வடிவங்களையும் ஒரு பையில் போட்டுக் குலுக்கி, பை காலியான பிறகுதான் அடுத்த பை, அதனால் ஒரு நீளக் கட்டைக்கும் அடுத்ததற்கும் நடுவே அதிகபட்சம் 12 வேறு கட்டைகள்தான் வர முடியும். கட்டை வரும் என்று தெரியும், இடம் விடாதது யார்? பழி நேராக நம் தலையில் வந்து விழுகிறது, விழுந்த வேகத்தில் விரல் மறுபடி ஸ்டார்ட்டை அழுத்துகிறது.

ஒரு கேம் நம்மை விடாமல் பிடித்துக்கொள்வதற்குப் பாயிண்ட், கிராபிக்ஸ், கதை என்று ஆளுக்கொரு காரணம் சொல்வார்கள். என்னைக் கேட்டால், தோற்ற நொடியில் "சே, நான்தான் சொதப்பிட்டேன்" என்று தோன்ற வேண்டும், அப்படித் தோன்றி முடிவதற்குள் மறுபடி களத்தில் நிற்க வேண்டும், அவ்வளவுதான். 2018-ல் வந்த, குதித்துக் குதித்து மலையேறுகிற செலஸ்ட் இதில் கைகாரன். ஆயிரம் தடவை சாகடிக்கிற கேம், ஆனால் செத்ததும் கண் சிமிட்டும் நேரத்தில் அதே அறையின் தொடக்கத்தில் நிற்போம், லோடிங் கிடையாது, "தொடரவா?" என்ற கேள்வி கிடையாது. உள்ளுக்குள் நமக்குச் சாதகமாக ஒரு திருட்டு வேலையும் செய்கிறது. விளிம்பைத் தாண்டிக் கால் காற்றுக்குப் போன பிறகும் ஒரு நொடியில் பத்தில் ஒரு பங்கு நேரம் குதிக்க விடுகிறது, தரையைத் தொடுவதற்குக் கொஞ்சம் முன்பே பட்டனை அழுத்திவிட்டாலும் அதை ஞாபகம் வைத்திருந்து கால் பட்டதும் குதிக்க வைக்கிறது. ஆடுகிறவருக்கு இது எதுவும் தெரியாது. "நான் சரியாகத்தானே அழுத்தினேன்" என்று சண்டை போட ஒரு சாக்குக்கூட இல்லாமல் செய்துவிட்டார்கள், அதுதான் சாமர்த்தியம்.

இப்போது ஸ்டிக்குக்கு வருகிறேன். இந்த வகை ஸ்டிக்கின் அடியில் சின்னதாக ஒரு கார்பன் தடம் இருக்கும், அதன் மேல் ஒரு உலோக நாக்கு உரசிக்கொண்டே நகரும். நாக்கு நிற்கிற இடத்துக்கு ஏற்ற வோல்டேஜை வைத்துத்தான் நாம் எந்தப் பக்கம் சாய்த்தோம் என்று கன்சோல் கணக்குப் போடுகிறது. உரசுகிறது தேயத்தானே செய்யும்? தேய்ந்த தூளும் வெளித் தூசியும் சேர்ந்துவிட்டால், கையை எடுத்த பிறகும் வோல்டேஜ் நடுவுக்கு வராது, நாம் சும்மா இருக்க ஆள் தானாக நடக்கும். இதற்கு மாற்று என்ன, ஏதோ நேற்றைய கண்டுபிடிப்பா? காந்தத்தை வைத்து அளக்கிற ஹால் சென்சாரில் எதுவும் எதிலும் உரசுவதில்லை, 1998-ல் வந்த செகா ட்ரீம்காஸ்டின் கண்ட்ரோலரிலேயே அது இருந்தது. அப்போதே இருந்ததை இன்றைக்கு ஒரு நல்ல விலையுள்ள சாமானில் போடாமல், செட்டிங்ஸில் போய் "டெட் ஸோன்" அளவை, அதாவது லேசாகச் சாய்ந்தால் கன்சோல் கண்டுகொள்ளாத எல்லையை, கூட்டிக்கொள் என்கிறார்கள். கூட்டினால் ஆள் நடப்பது நிற்கும், வாஸ்தவம். கூடவே மெதுவாகச் சாய்க்கிற நுணுக்கமும் செத்துப்போகும். கார் ரேஸில் லேசாக ஒடிக்க நினைத்தால் முதலில் ஒன்றும் நடக்காது, அப்புறம் ஒரேயடியாக ஓரத்துச் சுவரில் போய் உட்காரும்.

இது எவ்வளவு பெரிய கொடுமை என்று தெரிய வேண்டுமானால் வாம்பயர் சர்வைவர்ஸ் ஆடிப் பாருங்கள். 2022-ல் முழுதாக வந்தது, செய்தவர் முன்பு சூதாட்ட கேம் துறையில் வேலை பார்த்தவர், கேமுக்குள் பரிசுப் பெட்டி திறக்கும்போது பாய்கிற வெளிச்சத்திலும் இசையிலும் அந்த அனுபவம் நன்றாகவே தெரிகிறது. ஆயுதங்கள் தானாகச் சுடும், நம் வேலை ஸ்டிக்கை ஆட்டுவது மட்டும்தான். பெரும்பாலான களங்களில் 30 நிமிஷம் தாக்குப்பிடித்தால் போதும். நான் நெருங்கிவிட்டேன், நாலு பக்கமும் எதிரிகள் கூட்டம், ஒரே ஒரு சந்து, அதில் அசையாமல் நிற்க வேண்டும், விரலை எடுத்தேன். ஆள் தானாக இடது பக்கம் நடந்துபோய்க் கூட்டத்தின் நடுவில் செத்தான். அந்த நொடியில் "இன்னும் ஒரு தடவை" என்று தோன்றவே இல்லை. அதுதான் எனக்கே ஆச்சரியம். செலஸ்டில் அத்தனை தடவை செத்தும் போகாத ஆசை இங்கே ஒரே சாவில் போய்விட்டது. யாரோ ஏமாற்றிய மாதிரி இருந்தது, வைத்துவிட்டு எழுந்துவிட்டேன்.

காசு வாங்கிக்கொண்டு, உள்ளே என்ன பரிசு என்று தெரியாத குலுக்கல் பெட்டி விற்கிற கேம்களும் இதே ஆசையைத்தான் பிடித்து இழுக்கின்றன, ஆனால் கோணல் வழியில். எப்போது பரிசு விழும் என்று தெரியாதபோதுதான் விடாமல் இழுத்துக்கொண்டே இருப்போம் என்பது ஸ்லாட் மெஷின் காலத்துப் பாடம். அங்கே தோற்றால் திருத்திக்கொள்ள ஒன்றுமில்லை, இன்னொரு பெட்டி வாங்குவதைத் தவிர. பெல்ஜியம் 2018-ல் இதைச் சூதாட்டச் சட்டத்துக்குள் கொண்டுவந்தது. அந்தப் பெட்டிகளில் என்ன சுவாரசியம் என்று எனக்குப் பிடிபடவில்லை, மேலே போகிறேன்.

அடிமைப்படுத்துவதிலும் நல்ல விதம் உண்டு. விவசாயம் பார்க்கிற கேமான ஸ்டார்ட்யூ வேலியில் ஒரு நாள் என்பது ஏறக்குறைய 14 நிமிஷம், படுக்கையில் போய்ப் படுத்தால்தான் சேவ் ஆகும். காலையில் எழுந்தால் ஏதோ ஒரு செடி காய்த்திருக்கும், அதைப் பறிக்காமல் எப்படி நிறுத்துவது? பறித்தால் அந்த நாளை முடித்தாக வேண்டும். இதில் நியாயமாக என்னைக் காப்பாற்ற வேண்டியது அந்தப் பவர் பட்டன், எங்கே வேண்டுமானாலும் நிறுத்தலாமே. நடப்பது தலைகீழ். எங்கே வேண்டுமானாலும் நிறுத்தலாம் என்பதால் எங்கே வேண்டுமானாலும் ஆரம்பிக்கிறேன்.

சரி, நண்பர் கேட்டதற்குப் பதில். வேண்டாம், வாங்காதீர்கள். தேய்வது நிச்சயம் என்று தெரிந்த ஒரு துண்டை நடுவில் வைத்து ஒரு கன்சோலைக் கட்டியவர்களுக்கு இன்னொரு ஆளின் காசு போக வேண்டியதில்லை. ஹால் சென்சார் போட்டதோ, ஸ்டிக்கை மட்டும் ஸ்குரூ கழற்றி நாமே மாற்றிக்கொள்ளக்கூடியதோ கிடைத்தால் அதைப் பாருங்கள். பழையதை மலிவாகத் தள்ளிவிடுவேன் என்ற எண்ணத்தில் என்னிடம் வராதீர்கள், நான் தருவதாக இல்லை. இப்போதைக்கு ஸ்டிக் நடுவில் நிற்கிறது, அந்த 30 நிமிஷக் கணக்கு இன்னும் பாக்கி இருக்கிறது.