1776 சிசி எஞ்சின் என்று காசு வாங்கி 1641 சிசி கட்டிக் கொடுத்தார்கள்: பீட்டில் வைத்திருப்பவர்கள் கவனம்

கொழும்பில் பழைய வொக்ஸ்வேகன் பீட்டிலுக்கு எஞ்சினைப் பெரிதாக்கி, வளைவுகளில் நன்றாகப் பிடித்து ஓடுகிற மாதிரி அடிப்பாகத்தையும் செய்து தருகிறோம் என்று சொல்லும் ஒரு கராஜிடம் 9 இலட்சத்துக்கு மேல் கொடுத்துவிட்டு, இப்போது எஞ்சினைக் கழற்றித் துண்டு துண்டாக வைத்திருக்கிறேன். முறைப்பாடு போட்டிருப்பதால் பெயரை எழுதவில்லை. ஆனால் அவர்கள் ஏமாற்றிய விதம் ஒரு கராஜுக்கு மட்டும் உரியதல்ல, ஏர் கூல்ட், அதாவது தண்ணீர் இல்லாமல் காற்றால் எஞ்சின் குளிரும் கார் வைத்திருக்கிற யாரிடமும் இதே வேலையைக் காட்டலாம் என்பதால் விவரமாகவே எழுதுகிறேன். 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்ட பிறகு பழைய கார்களின் விலை ஏறியது, அதோடு "ரெஸ்டோரேஷன்" என்று பலகை போட்ட இடங்களும் கூடிவிட்டன. எல்லாரும் கள்ளர் இல்லை. நல்லவர்களைக் கண்டுபிடிப்பதுதான் கஷ்டம்.

என்னுடையது 1968 பீட்டில். முந்திய உரிமையாளர் காலத்திலேயே 1600 டுவல் போர்ட் எஞ்சின் ஏற்றி, வாகனப் பதிவுப் புத்தகத்திலும் பதிந்திருந்தார்கள். அது 1584 சிசி, புதிதாக இருந்த காலத்தில் 50 குதிரைத்திறன். எனக்கு ரேஸ் ஓட ஆசை இல்லை. நாலு பேரோடு மலையேறும்போது மூன்றாவது கியரில் திணறாமல் போக வேண்டும், இறங்கும்போது பின்பக்கம் பயமுறுத்தக் கூடாது, அவ்வளவுதான். அதற்கு அவர்கள் சொன்னது சரியான ஆலோசனைதான். 90.5 மில்லிமீட்டர் பிஸ்டனும் அது ஓடுகிற பரலும் (சிலிண்டர்) போட்டால், கிராங்கின் ஸ்ட்ரோக் (பிஸ்டன் போய்வரும் தூரம்) 69 மில்லிமீட்டராகவே இருக்க, எஞ்சின் 1776 சிசி ஆகும். நீடித்து உழைக்கும் என்று பெயர் எடுத்த அளவு அது. ஆனால் அந்தப் பரல் சும்மா உள்ளே இறங்காது. எஞ்சின் கேஸின் வாயையும் ஹெட்டின் வாயையும் மெஷினில் கொடுத்துப் பெரிதாக்க வேண்டும். காசு போவதே அந்த வேலைக்குத்தான். பில்லில் அது தனியாக எழுதப்பட்டிருந்தது. அதற்குக் கீழே மெயின் பேரிங் இருக்கிற இடத்தை ஒரே நேராகக் கடைகிற அலைன் போர் செய்தது, புது மெயின் பேரிங், கிராங்க் பேலன்ஸ், முன் பீமில் உயரத்தை மாற்றும் அட்ஜஸ்டர், பின்னுக்கு கேம்பர் கொம்பன்சேட்டர், நாலு புது ஷொக் அப்சோர்பர் என்று வரிசையாக இருந்தது.

சொன்ன திகதிக்குப் பல மாதம் கழித்துத்தான் கார் கையில் கிடைத்தது. பின்னால் எஞ்சின் மூடியைத் திறந்தால் குரோம் மின்னுகிறது. ஃபேன் காற்றை எஞ்சினுக்கு அனுப்பும் தகரக் கூடான ஷ்ரவுட் குரோம், புல்லி கவர் குரோம், வால்வ் கவர் குரோம். ஓட்டிப் பார்த்தால் முன்னைவிடக் கொஞ்சம் இழுவை இருந்தது, அது உண்மை. அந்தக் கொஞ்சம் எங்கிருந்து வந்தது என்பது பிறகுதான் தெரிந்தது.

கடுகண்ணாவ ஏற்றத்தில் சங்கதி வெளிவந்தது. மேலே ஏறி முடித்து ஓரமாக நிறுத்தினால், ஐடிலில் எண்ணெய் அழுத்த விளக்கு மினுங்குகிறது. எரிந்த எண்ணெய் வாடை, டிப்ஸ்டிக்கைத் தொட முடியாத சூடு. அங்கிருந்தே கராஜுக்கு அழைத்தேன். "ஏர் கூல்ட் என்றால் சூடாகத்தான் செய்யும், இது டொயோட்டா இல்லை, தண்ணி இல்லாத எஞ்சின்" என்றார் முதலாளி. திருப்பிக் கொண்டுபோய் விட்டபோது எண்ணெயை இன்னும் தடிப்பானதாக மாற்றிவிட்டு அதற்கும் காசு எடுத்தார்கள். விளக்கு மினுங்குவது நின்றது. உள்ளே இருந்த தட்டும் சத்தம் நிற்கவில்லை.

இந்தப் பதில் உங்களுக்கும் கிடைத்தால் அங்கேயே உஷாராகுங்கள். 2 கோடியே 15 இலட்சம் பீட்டில் செய்து விற்றார்கள், பாலைவனத்திலும் ஓடின. சரியாகக் கட்டிய எஞ்சின் ஏற்றத்தில் சூடேறும், சமதரைக்கு வந்ததும் இறங்கும். இறங்காமல் ஏறிக்கொண்டே போனால் எங்கேயோ காற்று போகவில்லை என்று அர்த்தம்.

கடைசியில் கண்டிப் பக்கத்தில், வாழ்நாள் முழுக்க வொக்ஸ்வேகன் மட்டும் செய்த ஒரு வயதான பாஸிடம் (மெக்கானிக்) கொண்டுபோனேன். அவர் எதையும் கழற்ற முதலே பின்னால் குந்தி, கிராங்க் புல்லியை இரண்டு கையாலும் பிடித்து முன்னுக்கும் பின்னுக்கும் இழுத்தார். "டக், டக்" என்று சத்தம் கேட்டது. டயல் கேஜை வைத்து அளந்தபோது 0.30 மில்லிமீட்டர் ஆட்டம். புதிதாகக் கட்டிய எஞ்சினில் அது 0.07இலிருந்து 0.13க்குள் இருக்க வேண்டும், 0.15க்கு மேல் போனால் திறக்க வேண்டிய எஞ்சின் என்றே கணக்கு. ஃப்ளைவீலுக்குப் பின்னால் வைக்கிற மூன்று ஷிம்களை (மெல்லிய வளையத் தகடுகள்) அளந்து போட்டாலே சரியாகிற விஷயம் இது. யாரும் அளக்கவே இல்லை.

அப்புறம் ஹெட்டைக் கழற்றினோம். பிஸ்டன் தலையில் கரியைத் துணியால் துடைத்தார். அதில் குத்தியிருந்த இலக்கம் 87. நம்பாமல் வேர்னியரை பரலுக்குள் வைத்தும் பார்த்தோம், 87 தான். 87 மில்லிமீட்டர் என்றால் 1641 சிசி. கேஸில் எந்த மெஷின் வேலையும் செய்யாமல் அப்படியே இறக்கிவிடக்கூடிய செட் அது. பழைய துளைக்குள் இறங்க வேண்டும் என்பதற்காகவே பரலின் சுவரை மெல்லியதாகச் செய்திருப்பார்கள். சூட்டில் அது கோணும், கோணினால் ஹெட்டோடு சேருகிற இடத்தில் எரிந்த வாயு கசியும், எண்ணெயும் குடிக்கும். அனுபவமுள்ளவர்கள் அந்த செட்டைத் தொடாததற்குக் காரணம் இதுதான். நான் காசு கொடுத்ததோ அந்த மெஷின் வேலைக்கு.

கேஸைப் பிரித்தபோது மெயின் பேரிங்கும் கதை சொன்னது. அலைன் போர் செய்தால் கேஸில் பேரிங் உட்காரும் துளை பெரிதாகும், ஆகவே வெளி விட்டம் கூடிய பேரிங்தான் போட முடியும். இங்கே முதுகில் குத்தியிருந்தது ஸ்டாண்டர்ட் அளவு. அதாவது அலைன் போர் நடக்கவில்லை, பேரிங்கும் தேய்ந்த பழையது. மூன்றாம் சிலிண்டர் ஹெட்டில் பிளக் துளைக்கும் எக்ஸோஸ்ட் வால்வ் சீட்டுக்கும் நடுவில் மயிரிழை மாதிரி ஒரு வெடிப்பு.

ஏன் மூன்றாம் சிலிண்டர்? இதைத்தான் எல்லாரும் தெரிந்துவைத்திருக்க வேண்டும். பழைய பீட்டில்களில் ஒயில் கூலர் ஷ்ரவுட்டுக்குள்ளேயே, இடப்பக்கத்து முன் சிலிண்டருக்கு மேலே நிற்கும். ஃபேன் தள்ளுகிற காற்று முதலில் கூலரைத் தாண்ட வேண்டும், அதில் சூடாகித்தான் மூன்றாவதுக்குப் போகும். 1971 மாடலிலிருந்து வொக்ஸ்வேகன் அந்தக் கூலரைத் தள்ளி வைத்து, தனிக் கூடு கட்டி, அதைத் தாண்டிய சூடான காற்றைத் தனி வழியால் வெளியே விட்டது, ஃபேனையும் அகலமாக்கியது. இதைத்தான் டோக்ஹவுஸ் என்கிறோம். என் 1600இல் அது இருந்தது. அதைக் கழற்றி எடுத்துவிட்டு அந்த இடத்தில் வைத்ததுதான் நான் சொன்ன குரோம் ஷ்ரவுட். உள்ளே காற்றைப் பிரித்து அனுப்பும் தகடுகள் இல்லை, தெர்மோஸ்டாட் இல்லை, அதன் மடல்கள் இல்லை, வெறும் மின்னுகிற கூடு. பரல்களுக்கு அடியில் காற்றை வளைத்து எல்லாப் பக்கமும் ஓடவிடும் சின்னத் தகரங்களையும் காணவில்லை. எஞ்சின் தகரத்துக்கும் பாடிக்கும் நடுவில் ஓடும் ரப்பர் சீல் இல்லை, அதனால் கீழே சைலன்சர் பக்கத்துச் சூடு திரும்ப மேலே ஏறி ஃபேனுக்குள்ளேயே போயிருக்கிறது. பெரிய பிஸ்டனைப் போட்டுச் சூட்டைக் கூட்டிவிட்டு, சூட்டை இறக்குகிற சாமானை எல்லாம் கழற்றி எடுத்திருக்கிறார்கள். கவனக்குறைவாக நடந்தது என்று இதை என்னால் எடுத்துக்கொள்ள முடியவில்லை, ஏனென்றால் ஒரிஜினல் டோக்ஹவுஸுக்கு நல்ல விலை இருக்கிறது.

அடிப்பாக வேலை இதைவிட ஆபத்து. எஞ்சின் போனால் கார் நிற்கும், இது ஆளையே கொண்டுபோகும். முன்பக்கத்தை அட்ஜஸ்டரால் தாழ்த்திப் பதித்துவிட்டார்கள், பார்க்க அழகுதான். ஆனால் முன்பக்கம் மட்டும் பதிந்தால் காஸ்டர் கோணம் குறையும், ஸ்டியரிங் தானாக நேருக்கு வராது. முன் பீமின் கீழ்க் குழாய்க்கும் சேஸிக்கும் நடுவில் காஸ்டர் ஷிம் வைத்து அதைத் திருத்த வேண்டும். மலிவான சாமான் அது, அதைக்கூட வைக்கவில்லை. அதிவேகப் பாதையில் 80ஐத் தாண்டியதும் கார் கோட்டுக்குள் நிற்காமல் அலைந்தது, பக்கத்தில் பஸ் ஒன்று கடந்துபோன காற்றுக்கே லேன் மாறப் பார்த்தது. என் மனைவி பக்கத்தில் இருந்தாள். ஷொக் அப்சோர்பரோ பதிக்காத காருக்குரிய முழு நீளத்தது, சின்னப் பள்ளத்திலேயே அடிமட்டத்தில் இடித்தது.

பின்பக்கம் ஸ்விங் ஆக்சில், அதாவது இரண்டு பக்கத்து அச்சும் நடுவில் மட்டும் மடங்கி மேலும் கீழும் ஆடும் வகை. வளைவில் வேகமாகப் போய் அக்சிலரேட்டரை விட்டால் பின்பக்கம் எழும்பும், வெளிப்பக்கச் சக்கரம் உள்ளுக்கு மடங்கும், கார் சுழலும். அதைத் தடுக்கத்தான் கேம்பர் கொம்பன்சேட்டர் கேட்டேன். பில்லில் இருக்கிறது, காருக்கு அடியில் இல்லை. ஸ்பிரிங்குக்குப் பதிலாக முறுக்கி வேலை செய்கிற டோர்ஷன் பாரைக் கழற்றித் திரும்பப் பூட்டியபோது இரண்டு பக்கமும் ஒரே பல்லில் வைக்கவில்லை என்பதும் ஸ்பிரிங் பிளேட்டில் கோணமானி வைத்தபோது தெரிந்தது. அதன் உள் முனையில் 40 பல், வெளி முனையில் 44 பல், உள்ளே ஒரு பல் தவறினால் 9 பாகை. டயருக்கு நாலிலும் காற்று 32 பிஎஸ்ஐ அடித்து விட்டிருந்தார்கள். ரேடியல் போட்ட பீட்டிலுக்கு முன்னுக்கு 18, பின்னுக்கு 27 என்பது கைநூலிலேயே இருக்கிறது. பின்பக்கம் கனமான காருக்கு அந்த வித்தியாசம்தான் பாதிப் பாதுகாப்பு.

படங்களோடு கராஜுக்குப் போனேன். முதலில் "கண்டியில் மாற்றிப் போட்டுவிட்டு எங்களில் பழி போடுகிறீர்கள்" என்றார்கள். கழற்றும்போது ஆரம்பத்திலிருந்து எடுத்த வீடியோவைக் காட்டினேன். பிறகு 90.5 செட் கிடைக்கவில்லை, அதனால் "அதே மாதிரியான ஒன்று" போட்டோம் என்றார்கள். சொல்லவில்லையே என்றேன். பதில் இல்லை. பழைய ஷ்ரவுட் எங்கே என்றால், தகரம் தானே, பழைய இரும்புக்குப் போட்டுவிட்டோமாம். காசும் தரவில்லை, சாமானும் தரவில்லை. நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபையில் பில், வீடியோ, இரண்டாவது பாஸின் எழுத்துமூல அறிக்கை எல்லாம் வைத்து முறைப்பாடு கொடுத்திருக்கிறேன். 1977க்கு அழைத்தால் எப்படிச் செய்வது என்று சொல்கிறார்கள்.

வேலைக்குக் கொடுக்கப் போகிறவர்கள் முற்பணத்துக்கு முதலே இதைப் பேசிக்கொள்ளுங்கள்: கேஸை மூடுவதற்கு முதல் நாள் நீங்கள் வந்து பார்ப்பீர்கள். அன்று பிஸ்டன் தலையில் இருக்கிற இலக்கம், பேரிங் முதுகில் இருக்கிற அளவு, டயல் கேஜில் கிராங்கின் ஆட்டம், மூன்றையும் உங்கள் போனிலேயே படம் எடுங்கள். மெஷின் வேலை வெளி லேத்தில் நடந்தால் அந்த லேத்தின் பில்லையும் கேளுங்கள். கழற்றிய ஒவ்வொரு சாமானும், உடைந்ததாக இருந்தாலும், பெட்டியில் போட்டுத் திருப்பித் தர வேண்டும் என்று எழுதி வாங்குங்கள். காரைக் கொடுக்க முதல் எஞ்சின் தகரங்களையும் ஜெனரேட்டர் அடியில் கேஸில் குத்தியிருக்கும் எஞ்சின் இலக்கத்தையும் படம் எடுத்து வையுங்கள், கேஸையே மாற்றிவிட்டால் புத்தகத்தோடு இலக்கம் பொருந்தாது, விற்கிற நேரம் பெரிய தலையிடி. நல்ல பாஸ் யாரும் இதற்குக் கோபப்பட மாட்டார். கண்டியில் என் எஞ்சினைத் திரும்பக் கட்டுகிறவர் ஒவ்வொரு அளவையும் தானாகவே ஒரு கொப்பியில் எழுதிக் காட்டுகிறார்.

இன்னொன்று. என் டோக்ஹவுஸ் ஷ்ரவுட் பழைய இரும்புக்குப் போயிருக்கும் என்று நான் நம்பவில்லை. அதில் இடப்பக்க மூலையில், கூலர் கூடு பூட்டுகிற இடத்துக்குக் கிட்ட, வெல்டிங் வைத்துத் தேய்த்த ஒரு தழும்பு இருக்கிறது, கறுப்புப் பெயின்ட்டுக்கு அடியில் பழைய பச்சை தெரியும். யாராவது உங்களிடம் விற்கக் கொண்டுவந்தால் படம் எடுத்து எனக்கு அனுப்புங்கள். நியாயமான விலைக்கு வேறு ஒரிஜினல் ஷ்ரவுட்டும் கீழ்த் தகரங்களும் வைத்திருப்பவர்களும் சொல்லுங்கள், குரோம் வேண்டாம்.