பழைய கேம்போய் கசெட்டுகளும் ஜிபிஎக்ஸ்கார்டும்: பாவித்துப் பார்த்த அனுபவம்

நின்டெண்டோவின் கையடக்கக் கேம் கருவியான கேம்போயின் கசெட்டில் இருப்பதைக் கணினிக்கு எடுக்கவும் திரும்ப எழுதவும் உதவும் சாமான் ஜிபிஎக்ஸ்கார்ட். கேமைப் பிரதி எடுக்க மட்டும்தான் என்றால் இதற்குக் காசு செலவழிக்கத் தேவையில்லை. டெட்ரிஸ் கசெட்டில் இருப்பது மொத்தமாக 32 கேபி. என்னுடைய கசெட் நாளைக்கே செத்தாலும் டெட்ரிஸ் எங்கேயும் போகாது, அது உலகம் முழுக்க இருக்கிறது. போகப்போவது சேவ், அதாவது எதுவரை விளையாடினோம் என்ற பதிவு. பழைய கேம்போய் கசெட்டுகள் பலவற்றில் நாங்கள் விளையாடிச் சேர்த்ததெல்லாம் எஸ்ரேம் என்ற ஒரு சின்ன நினைவகச் சிப்பில் கிடக்கிறது, அந்தச் சிப்பைப் பிடித்து வைத்திருப்பது ஒரு பொத்தான் பற்றரி, பற்றரி இறங்கினால் உள்ளே இருந்தது அப்படியே போய்விடும். அதை எடுத்து வைக்கத்தான் நான் ஜிபிஎக்ஸ்கார்ட் ஆர்டபிள்யூ வாங்கினேன்.

அவுஸ்திரேலியாவில் இன்சைட்காட்ஜெட்ஸ் என்ற பெயரில் செய்து விற்ற சாமான் இது. ஒரு சின்ன சர்க்கியூட் போர்ட், ஒரு பக்கம் கசெட் செருகும் வாய், மறுபக்கம் யூஎஸ்பி, அவ்வளவுதான். 2022 மின்வெட்டுக் காலத்தில் தெரிந்த ஒருவர் கையில் கொண்டுவந்து தந்தார். நாளுக்கு 13 மணித்தியாலம் வரை கரண்ட் போன நேரம் அது, ஆனால் இது லப்டொப்பின் யூஎஸ்பியிலேயே ஓடுவதால் திருகோணமலை உவர்மலை இருட்டில் உட்கார்ந்துகொண்டும் வேலை நடந்தது.

ஃபிளாஷ்ஜிபிஎக்ஸ் என்ற இலவச மென்பொருளோடுதான் பாவிக்கிறேன், விண்டோஸ், மேக், லினக்ஸ் மூன்றிலும் ஓடும். போர்ட்டைச் செருகியும் கணினி கண்டுகொள்ளவில்லை என்றால் முதலில் வயரை மாற்றிப் பாருங்கள், போனோடு வரும் சில வயர்கள் சார்ஜ் மட்டும்தான் ஏற்றும், டேட்டா போகாது. அப்புறம் விண்டோஸில் போர்ட்டின் யூஎஸ்பி சிப்புக்கான சிஎச்340 டிரைவர் இருக்கிறதா என்று பாருங்கள். லினக்ஸ்காரர் தங்கள் கணக்கை, இப்படியான சாமான்களைப் பாவிக்க அனுமதி தரும் டயலவுட் குழுவில் சேர்க்க வேண்டியிருக்கும். வோல்டேஜையும் கவனிக்க வேண்டும். பழைய கேம்போய், கேம்போய் கலர் கசெட்டுகளுக்கு 5 வோல்ட், பிறகு வந்த கேம்போய் அட்வான்ஸ் கசெட்டுக்கு 3.3 வோல்ட். எந்தக் கசெட் என்று பார்த்துச் சரியான மோடைத் தெரிவுசெய்யாமல் பொத்தானை அமத்தக் கூடாது.

செருகியதும் கசெட்டின் தலைப்புப் பகுதியைப் படித்து கேமின் பெயர், ரொம் (கேம் எழுதியிருக்கும் சிப்) அளவு, உள்ளே எந்த எம்பிசி சிப் (ரொம்மைப் பகுதி பகுதியாக மாற்றித் தருவது), சேவ் எவ்வளவு என்று காட்டும். கேம்போயைப் போட்டதும் மேலிருந்து இறங்குமே நின்டெண்டோ எழுத்து, அதுவும் இந்தத் தலைப்புப் பகுதியில்தான் எழுதியிருக்கிறது. அந்த எழுத்து கிறுக்கலாக இறங்கினால் பெரும்பாலும் தகடுகளில் அழுக்கு. திருகோணமலைக் கடற்காற்றில் எந்தச் செப்புத் தகட்டை வைத்தாலும் கறுத்துவிடும், என்னிடம் வந்த கசெட்டுகளில் பாதிக்கு மேல் முதல் தடவை சரியாக வாசிக்கவில்லை. பார்மசியில் ஐசோபுரோப்பைல் அல்ககோல் வாங்கி, காது குடையும் பஞ்சுக் குச்சியில் தோய்த்துத் துடைத்தால் குச்சி கரியாக வரும். கறுப்பு வராமல் போகும்வரை துடைத்து, காயவிட்டுச் செருகினால் பெரும்பாலும் சரி. வாயால் ஊதுவது எங்கள் எல்லாருக்கும் சின்ன வயதுப் பழக்கம், ஆனால் எச்சில் ஈரம் பட்டுத் தகடு இன்னும் கெடும்.

எடுத்த ரொம்மை மென்பொருள் தன் பட்டியலோடு ஒப்பிட்டுச் சரியா பிழையா என்று சொல்லிவிடும். சேவுக்கு அப்படி ஒப்பிட ஒன்றுமில்லை, உலகத்தில் அது ஒன்றுதான். அதனால் கசெட்டைக் கழற்றித் திரும்பச் செருகி இரண்டாம் முறை எடுத்து, இரண்டு கோப்பும் ஒன்றா என்று பார்க்கிறேன். வெறும் 32 கேபி, தேத்தண்ணி ஆறுவதற்குள் எத்தனை முறையும் எடுக்கலாம்.

என்னுடைய போக்கிமொன் கோல்ட் சுவிசில் இருந்து மாமா அனுப்பியது, ஆகவே ஜெர்மன். ஒரு சொல் விளங்காமல் நானும் மச்சானும் அதை முடித்தோம், எப்படி என்று இன்றைக்கும் தெரியாது. அதன் பற்றரி சிஆர்2025, சேவ் பதிவையும் உள்ளே ஓடும் கடிகாரத்தையும் சேர்த்துச் சுமப்பதால் இந்த வரிசைக் கசெட்டுகளில் சீக்கிரம் இறங்கும். சேவ் பதிவை எடுத்து வைத்துவிட்டு, 3.8 மில்லிமீற்றர் கேம்பிட் என்ற தனிவகைத் திருப்புளியால் திறந்து, சோல்டர் பண்ண உலோகப் பட்டி வைத்த புதுப் பற்றரியைச் சோல்டர் பண்ணி, சேவ் பதிவைத் திரும்ப எழுதினேன். கடிகார விவரத்தையும் சேர்த்தே எழுத முடிகிறது. அட்வான்ஸ் கசெட்டான போக்கிமொன் எமரால்ட், பற்றரி தீர்ந்துவிட்டது என்று திரையில் எழுதிக் காட்டினால் பயப்படாதீர்கள், அதில் பற்றரி கடிகாரத்துக்கு மட்டும், சேவ் ஃபிளாஷ் சிப்பில் இருக்கிறது.

எனக்கு இந்தச் சாமானின் காசு முழுக்கத் திரும்பி வந்தது படம் எடுக்கும் கமெரா பொருத்திய கேம்போய் கமெரா கசெட்டில்தான். 2002 சமாதானக் காலத்தில் ஊருக்கு வந்த மாமா விட்டுவிட்டுப் போனது, சின்னம்மா வீட்டு அலுமாரியில் பிளாஸ்டிக் பையில் கிடந்தது. அதிலும் படங்கள் பற்றரியில் நிற்கும் எஸ்ரேமில்தான், 30 படம் கொள்ளும்.

“உதுக்குள்ள இன்னும் படம் இருக்கோ தம்பி?”

“பொறுங்கோ சின்னம்மா, பாப்பம்.”

இருந்தது. 128க்கு 112 புள்ளி, கறுப்பில் இருந்து வெள்ளை வரை நாலே நிறம். பாதிப் படங்கள் மாமாவின் விரல், மேசை, ஆரோ ஒருவரின் காது. ஒன்றில் அம்மம்மா உப்புவெளி வீட்டு முற்றத்தில் கதிரையில் இருக்கிறா, நெற்றியில் திருநீறு மட்டும் வெள்ளைக் கட்டங்களாகத் தெளிவாகத் தெரிகிறது, கண் இரண்டும் கறுப்புக்குள் போய்விட்டன. அந்த வீடு 2004 டிசம்பரில் கடலோடு போனது, அங்கே இருந்த அல்பங்களும்தான். ஃபிளாஷ்ஜிபிஎக்ஸிலேயே இந்தப் படங்களைப் பார்த்துத் தனித்தனியாகச் சேமிக்கலாம், சின்னம்மாவின் போனுக்கு அனுப்பினேன்.

எல்லாம் நடக்கும் என்று நினைக்க வேண்டாம். கொழும்பு புறக்கோட்டையில் வாங்கின ‘நூறு கேம் ஒரு கசெட்டில்’ வகையறா பெரும்பாலும் மெனுவை மட்டும் தந்துவிட்டு நின்றுவிடும், உள்ளே ரொம்மின் பகுதிகளை மாற்றும் முறை ஒவ்வொன்றிலும் வேறு. போலி அட்வான்ஸ் கசெட்டுகளில் ரொம் பட்டியலோடு பொருந்தாது, சேவ் முறையையே மாற்றி வைத்திருப்பார்கள். கணினியில் செருகி உடனே விளையாடத்தான் ஆசை என்றால் எப்பிலோக் நிறுவனம் செய்யும் ஜிபி ஒப்பரேட்டர் என்ற சாமான் சுகம், அதற்கென்றே செயலி இருக்கிறது. சேவ் பதிவை எடுத்து, பற்றரி மாற்றி, திரும்ப எழுதும் எனக்கு இது போதும்.

திருமலைப் பக்கம் ஆரிடமாவது பழைய கசெட் கிடந்தால் பற்றரி மாற்றுகிறேன் என்று முதலில் கழற்றிவிடாதீர்கள். கழற்றினால் பிறகு எடுப்பதற்கு ஒன்றும் இருக்காது. மூடினபடியே கொண்டு வாருங்கள், நான் எடுத்துத் தருகிறேன், காசு வேண்டாம், பற்றரி மட்டும் நீங்கள் வாங்கி வாருங்கள், பட்டி வைத்ததாக.