திருப்பூரில் மெர்ச்சண்டைசர்களுக்கு ஏற்ற ஒரு பிசினஸ் இங்கிலீஷ் வகுப்பு

திருப்பூரில் ஸ்போக்கன் இங்கிலீஷ் போர்டுக்குப் பஞ்சமே இல்லை. ஆனால் பின்னலாடை ஏற்றுமதியில் மெர்ச்சண்டைசராக, அதாவது ஆர்டர் கொடுப்பவருக்கும் ஃபேக்டரிக்கும் நடுவே நின்று ஆர்டரை நடத்திக்கொடுப்பவராக, இருப்பவருக்கு வேண்டியது வேறு. லேப் டிப் (நிறம் சரிபார்க்கச் சாயம் போட்டு அனுப்பும் துணித் துண்டு) ஏன் தாமதம், துணியில் ஜிஎஸ்எம் (ஒரு சதுர மீட்டர் துணியின் எடை, கிராமில்) ஏன் குறைந்தது, சரக்கு என்றைக்குக் கிளம்பும் என்று ஜெர்மனியிலோ ஸ்பெயினிலோ இருக்கும் பையருக்கு, அதாவது வாங்குபவருக்கு, புரியும்படி சொல்லத் தெரிய வேண்டும். அதற்காகவே அவிநாசி ரோடு பக்கம் ஒரு மேடம் மாலை நேரத்தில் நடத்தும் சின்ன வகுப்பில் சேர்ந்தேன். எங்கள் பேட்ச் இப்போதுதான் முடிந்தது. தாராளமாகச் சேரலாம்.

முதல் நாள் அவர் பாடம் எதுவும் எடுக்கவில்லை. யாருக்கு மெயில் எழுதுகிறீர்கள், யாரிடம் போனில் பேசுகிறீர்கள், எந்த இடத்தில் வார்த்தை வராமல் நிற்கிறீர்கள் என்று ஒவ்வொருவரிடமும் கேட்டுக் குறித்துக்கொண்டார். அடுத்த வகுப்பில் ஷிப்பிங் டாக்குமெண்ட் பார்க்கும் தம்பிக்கு ஒரு தாள், எனக்கு வேறு தாள். மேடம் துணித் தொழிலில் இருந்தவர் இல்லை. தெரியாததை எங்களிடமே கேட்டார். "பிபி சாம்பிள் ஓகே ஆகலைன்னா எந்த வேலை நின்னுபோகும்?" பிபி சாம்பிள் என்பது மொத்தமாகத் தைக்கும் முன் பையர் ஒப்புதலுக்கு அனுப்பும் மாதிரி. அது ஓகே ஆகாமல் துணியை வெட்டும் கட்டிங் வேலையைப் போட முடியாது என்பதை நாங்கள் இங்கிலீஷில் விளக்க வேண்டும். தொழில் நமக்குத் தெரியும், மொழிக்கு அவர் இருக்கிறார் என்று ஆனதும் எனக்குப் பாதி பயம் போய்விட்டது.

அந்தத் தம்பி எழுதிய மெயில் ஒன்றை ஒருநாள் எடுத்துக்கொண்டார். சாயம் ஏறாத கதை இரண்டு பத்தி, புதிய கப்பல் தேதி கடைசி வரியில். மேடம் பையராக மாறி, "எனக்குத் தேதி எங்கே?" என்று கேட்டார். பிறகு சொன்னார்: "தேதியை முதல் வரியில வைங்க தம்பி. காரணம் ரெண்டு வரி போதும். அப்புறம், மிச்ச சரக்குக்கு நீங்க என்ன செய்யப்போறீங்கன்னு எழுதுங்க." அதே செய்தியை உடனே போனில் சொல்லவும் வைத்தார். போனில் ஃபிஃப்டீனும் ஃபிஃப்டியும் ஒன்றுபோலக் கேட்கும் என்பதால் "ஒன் ஃபைவ்", "ஃபைவ் ஜீரோ" என்று இலக்கம் இலக்கமாகச் சொல்ல வேண்டும், பேசி முடித்த கையோடு மெயிலில் உறுதி செய்ய வேண்டும் என்பது அவருடைய கண்டிப்பு. விலையும் அளவும் பேசும் தொழிலில் இதைவிடப் பயனுள்ள பாடம் எனக்குத் தெரியவில்லை.

முன்பு நான் போன ஓர் இடத்தில் வரிக்கு வரி நிறுத்தித் திருத்துவார்கள். சொல்ல வந்ததே மறந்துபோகும். இவர் பேசி முடிக்கும்வரை நோட்டில் எழுதிக்கொண்டே இருப்பார். முடிந்ததும் எடுப்பது இரண்டு மூன்று தவறுகள்தான், அதுவும் பையருக்குப் பொருள் மாறிப்போகும் தவறுகள். உச்சரிப்பை வெள்ளைக்காரர் மாதிரி மாற்றச் சொல்வதில்லை. இத்தாலிக்காரருக்கும் ஸ்பெயின்காரருக்கும் இங்கிலீஷ் நம்மைப் போலவே கற்றுக்கொண்ட மொழி. சின்ன வாக்கியமாக, நிதானமாகப் பேசினால் இருவருக்கும் நல்லது என்பார். அவர்கள் பேசும் விதம் காதுக்குப் பழகட்டும் என்று பல நாட்டவர் பேச்சைப் போட்டுக் காட்டுவார்.

கேம்பிரிட்ஜ் நடத்தும் பிசினஸ் இங்கிலீஷ் தேர்வு எழுதலாமா என்று ஒருவர் கேட்டார். ப்ரிலிமினரி, வான்டேஜ், ஹையர் என்று அதில் மூன்று நிலை உண்டு. வேறு ஊரில், வேறு நாட்டில் வேலை தேடுவதாக இருந்தால் எழுதுங்கள், இங்கேயே இருப்பதாக இருந்தால் அந்தப் பணத்தைச் செலவழிக்க வேண்டாம் என்று நேராகச் சொல்லிவிட்டார். இந்த நேர்மைக்காகவே எனக்கு அவர்மேல் பெரிய மரியாதை.

குறை என்றால், அடிப்படை இலக்கணம் இங்கே கிடையாது. ஒரு வாக்கியம்கூட அமைக்க வராதவர்கள் வேறு இடத்தில் தொடங்கிவிட்டு வருவது நல்லது. ஷிப்மெண்ட் நெருக்கடியில் வகுப்பு தவறினால் ஈடு வகுப்பும் இல்லை. இதை அவர் கட்டாயம் மாற்ற வேண்டும்.

சேரப் போகிறவர்கள் தாங்கள் அனுப்பிய நாலைந்து மெயில்களை, பையர் பெயரையும் விலையையும் அழித்துவிட்டு, பிரிண்ட் எடுத்துக்கொண்டு போங்கள். முதல் நாளே கேட்பார்.